மறுத்தனுப்பிய சாவிகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகப் பூட்டுத் தொழிலில் இருக்கிறது. தாத்தா திண்டுக்கல்லில் ஒரு பூட்டுப் பட்டறையில் கூலிக்கு வேலை பார்த்தவர். அப்பா அவரிடம் தொழிலைக் கற்றுக்கொண்டு 1986இல் காரைக்குடிக்கு வந்தார். ஆறடி அகலத்தில் ஒரு கடை பிடித்து, சாவி போடவும் பூட்டுப் பழுது பார்க்கவும் தொடங்கினார். இன்றும் அதே இடத்தில்தான் கடை இருக்கிறது. பக்கத்துக் கடையையும் சேர்த்துக்கொண்டதால் இப்போது பன்னிரண்டடி. அம்மா இருந்தவரை கல்லாவைப் பார்த்துக்கொண்டார். இப்போது தங்கை கணக்கு எழுதுகிறாள். இருபத்திரண்டு ஆண்டுகளாக எங்களோடு ஓர் அண்ணன் வேலை செய்கிறார், உறவினர் இல்லை.

நான் மின்னணுவியல் பட்டயம் படித்துவிட்டு, கோயம்புத்தூரில் கண்காணிப்புக் கேமரா பொருத்தும் நிறுவனம் ஒன்றில் எட்டு ஆண்டுகள் இருந்தேன். சென்ற ஆண்டு அப்பாவுக்குக் கண் அறுவை நடந்ததால் ஊர் திரும்பிவிட்டேன். கடையில் கேமரா, மின்னணுப் பூட்டு ஆகியவற்றைச் சேர்க்கவும், பின்னர் வீடுகளுக்கும் கடைகளுக்கும் காவலாளி அனுப்பும் பணியையும் தொடங்கவும் விரும்புகிறேன். அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறார்.

இரண்டு விஷயங்களில் எங்களுக்குள் மனத்தாங்கல் வந்துவிட்டது. சென்ற மாதம் வெளியூரிலிருந்து ஒருவர் வந்தார். பக்கத்துக் கிராமத்தில் பங்காளிகளுக்குப் பொதுவான பெரிய வீட்டில் ஓர் அறையைத் திறந்து தரவேண்டும் என்றார். ஆதார் அட்டையும் வீட்டுவரி ரசீதும் வைத்திருந்தார். பத்தாயிரம் ரூபாய் தருவதாகவும் சொன்னார். அப்பா மறுத்துவிட்டார். காகிதம் சரியாக இருக்கும்போது மறுப்பது எந்த ஊர் வியாபாரம் என்று நான் கேட்டேன். மற்றொன்று, அப்பா இத்தனை ஆண்டுகளாக எழுதிவைத்திருக்கும் பதினொரு நோட்டுகள். யாருக்கு எந்தப் பூட்டு, எந்தச் சாவி என்ற விவரம் எல்லாம் அவற்றில் இருக்கிறது. கணினியில் ஏற்றிவிடலாம் என்றேன். தனக்குப் பிறகு அவற்றை எரித்துவிடு என்கிறார்.

அவர் கட்டிய தொழில் வளராமல் இருக்க அவருடைய பழக்கங்களே காரணமோ என்று நினைக்கிறேன். தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன். என் பெயரையும் கடையின் பெயரையும் வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகர்,
காரைக்குடி

*

அன்புள்ள நண்பருக்கு,

தங்கள் கடிதத்தை இரண்டு நாட்கள் மேசையிலேயே வைத்திருந்து பலமுறை படித்தேன். அதற்குக் காரணம், நீங்கள் குறையாக எழுதியிருக்கும் இரண்டு நிகழ்ச்சிகளும் உங்கள் கடையின் மிகப் பெரிய சொத்தைப் பற்றியவையாக எனக்குத் தோன்றின. முதலில் என் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் எங்கே நின்று பேசுகிறேன் என்பது அதில் தெரியும்.

என் தாயார் காலமான சில வாரங்களுக்குப் பிறகு, அவருடைய சுவர் அலமாரியைத் திறக்க வேண்டியிருந்தது. சாவி கிடைக்கவில்லை. தேக்குக் கதவு, பித்தளைச் சாவித்துளை, உள்ளே பழைய லீவர் பூட்டு, அதாவது சாவி தூக்கிவிடும் தகடுகள் கொண்ட பூட்டு. கதவை உடைக்க எவருக்கும் மனம் வரவில்லை. கடைத்தெருவில் சாவி போடும் முதியவர் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் துணிப்பையிலிருந்து நான்கைந்து அரங்களையும், பல் வெட்டாத இரும்புச் சாவி ஒன்றையும், ஒரு மெழுகுவத்தியையும் எடுத்துத் தரையில் வரிசையாக வைத்தார். மெழுகுவத்தியை ஏற்றி, அந்தச் சாவியின் நாக்கைச் சுடரின் மேல் பிடித்துக் கரியேற்றினார். பிறகு அதைத் துளைக்குள் விட்டு மிக மெதுவாக ஒருமுறை திருக அழுத்தி, வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். கரி படிந்த இடத்தில் நூலளவுக்கு இரண்டு கோடுகள் பளிச்சென்று தெரிந்தன. லீவர்கள் உரசிய இடம் அது. அந்த இடத்தில் மட்டும் அரத்தால் நான்கு இழுப்பு. மறுபடியும் கரி, மறுபடியும் அழுத்தம், மறுபடியும் அரம். ஒருமணி நேரத்துக்கு மேல் அவர் ஒரு சொல்கூடப் பேசவில்லை. நடுவில் காபி கொடுத்தபோதும் அதை ஆறவிட்டுவிட்டார்.

பூட்டு திறந்துகொண்ட ஓசை எங்களுக்குக் கேட்டது. அந்தக் கணத்தில் அவர் செய்ததுதான் என் நினைவில் நிலைத்திருக்கிறது. கதவை அரை அங்குலம் மட்டும் இழுத்துவிட்டு, எழுந்து, அலமாரிக்கு முதுகைக் காட்டி, தெருவைப் பார்த்தபடி நின்றுகொண்டார். என் அக்கா உள்ளே பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தும்வரை அவர் திரும்பவே இல்லை. அதற்குப் பிறகு புதிய சாவியை என் கையில் கொடுத்து, இது ஒன்றுதான், என்னிடம் வேறு இல்லை என்றார். அவருக்கு நாங்கள் கொடுத்த கூலி அந்தச் சாவிக்கானது. அவர் முதுகைக் காட்டி நின்றாரே, அதற்குக் கூலி என்று எதுவும் கிடையாது. ஆனால் அதன் பின் பல ஆண்டுகள் எங்கள் தெருவில் யார் வீட்டில் பூட்டு மக்கர் செய்தாலும் நாங்கள் அவர் பெயரைத்தான் சொன்னோம்.

உங்கள் அப்பாவின் கடை முப்பத்தெட்டு, நாற்பது ஆண்டுகள் ஒரே இடத்தில் நின்றிருக்கிறது என்றால், அது சாவி போட்ட காசில் மட்டும் நின்றதில்லை. சாவி போடுவதில் கிடைப்பது அற்பக் காசு என்பதை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள். டூப்ளிகேட் சாவிக்காக வருகிற ஒருவர், கடைக்காரரின் முகத்தையும் பேச்சையும் பார்த்துவிட்டுப் போகிறார். ஐந்தாறு ஆண்டுகள் கழித்து வீடு கட்டும்போது எல்லாக் கதவுகளுக்கும் பூட்டு வாங்க அங்கேயே வருகிறார். அதற்கும் பிறகு, தாயாரோ தகப்பனாரோ இறந்துபோய் இரும்புப்பெட்டியைத் திறக்க வேண்டிய நாளில், வேறு யாரையும் நம்ப மனமில்லாமல் அவரையே அழைக்கிறார். அந்த மூன்றாவது அழைப்பு வருவதற்கு இருபது ஆண்டுகள்கூட ஆகும். விளம்பரம் கொடுத்து அதை விரைவுபடுத்த வழியில்லை.

அந்தப் பங்காளி வீட்டு அறைக்கு வருகிறேன். செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் இதைப் படிக்கும் பிறருக்காகச் சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து ஏறத்தாழ நூறாண்டுக் காலத்தில், பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் வணிகம் செய்தவர்கள் கட்டிய வீடுகள் அவை. ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடக்கும். வளவு என்னும் நடுமுற்றத்தைச் சுற்றியுள்ள அறைகள் மணமான ஒவ்வொரு மகனுக்கும் பிரித்துக் கொடுக்கப்பட்டவை. அவற்றின் சாவி அந்தந்தக் குடும்பத்திடம் இருக்கும். தலைமுறைகள் பெருகப் பெருகப் பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் சிதறிப்போனார்கள். ஒரே கூரையின் கீழ் பத்துப் பன்னிரண்டு குடும்பங்களின் பூட்டுகள் தொங்குகின்றன. திருமணத்துக்கோ, முன்னோரை வணங்கும் படைப்புக்கோ கூடும்போதுதான் அவை திறக்கின்றன.

உங்களிடம் வந்தவர் கொண்டுவந்த வீட்டுவரி ரசீது எதைக் காட்டும்? அந்த வீட்டுக்கு வரி கட்டப்பட்டது என்பதைக் காட்டும். பங்காளிகளில் யாராவது ஒருவர் பெயரில் மொத்த வீட்டுக்கும் ரசீது இருப்பது வழக்கம்தான். வடகிழக்கு மூலையில் இருக்கும் அறை யாருடையது என்பதை அந்தக் காகிதம் சொல்லாது. ஆதார் அட்டை அவர் யார் என்று சொல்லும். அந்த அறைக்கு அவர் யார் என்று சொல்லாது. அவர் உரிமை உள்ளவராகவே இருக்கலாம், நான் அதை மறுக்கவில்லை. ஆனால் உரிமை உள்ளவர் என்றால் மற்றப் பங்காளிகளில் ஒருவரையோ, அந்த வீட்டுக் காவல்காரரையோ, ஊர்ப் பெரியவர் ஒருவரையோ உடன் அழைத்து வருவதில் அவருக்கு என்ன சிரமம்? ஓர் அறைப்பூட்டைத் திறக்கப் பத்தாயிரம் ரூபாய் தருகிறேன் என்று அவர் தாமாக முன்வந்தாரே, உங்கள் அப்பாவின் காதில் மணி அடித்தது அங்கேதான் என்று நினைக்கிறேன். வேலைக்கு மிஞ்சிய கூலியில் மிச்சத் தொகை வாயை மூடுவதற்கானது.

ஆகவே அப்பா செய்தது முழுக்கச் சரி என்பது என் எண்ணம். ஒன்றை மட்டும் அவரும் மாற்றிக்கொள்ளலாம். மறுக்கும்போது, என்ன கொண்டுவந்தால் செய்து தருவோம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவது நல்லது. இன்னொரு பங்காளியின் சம்மதக் கடிதமோ, இரண்டு சாட்சிகளோ, காவல்நிலையத்தில் கொடுத்த மனுவின் நகலோ வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கடையிலேயே ஒட்டிவையுங்கள். நேர்மையாக வந்தவருக்கு அவமதிப்பு என்ற எண்ணம் வராது. இதில் உங்கள் படிப்பும் பழக்கமும் அப்பாவுக்கு உதவும்.

பூட்டுத் தொழிலில் குடும்பமாக நின்றவர்களின் வரலாற்றில் இதே விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் கப்பல் துறையில் 1817இல் கள்ளச்சாவி போட்டு ஒரு திருட்டு நடந்தது. தன் சொந்தச் சாவியால் அல்லாமல் வேறெதாலும் திறக்க முடியாத பூட்டைச் செய்து காட்டுமாறு அரசாங்கம் போட்டி அறிவித்தது. அந்த ஊரைச் சேர்ந்த ஜெரமையா சப் என்பவர் 1818இல் ஒரு பூட்டுக்குக் காப்புரிமை பெற்றார். அவரும் அண்ணன் சார்லஸ் சப்பும் சேர்ந்து நடத்திய தொழில், பிறகு பூட்டுக்குப் பேர்போன வுல்வர்ஹாம்ப்டன் நகரத்துக்குப் போய், மகன், பேரன் என்று தொடர்ந்து, 1984இல் வேறொரு நிறுவனத்தின் கைக்குப் போகும்வரை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் நின்றது.

அந்தப் பூட்டின் உள்வேலை எனக்கு மிகவும் பிடித்தமானது. சாதாரண லீவர் பூட்டில் ஒவ்வொரு தகட்டையும் சாவி அதற்குரிய உயரத்துக்குத் தூக்கினால் தாழ் நகரும். கம்பியை விட்டுத் துழாவுகிறவன் ஏதாவது ஒரு தகட்டை அளவுக்கு மேல் தூக்கிவிடுவான். சப் பூட்டில் அப்படித் தூக்கியதும் அந்தத் தகடு ஒரு கொக்கியில் மாட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிடும். அதன் பிறகு உரியவரின் சாவியும் வழக்கம்போல் திரும்பாது. யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று அந்த நொடியிலேயே உரியவருக்குத் தெரிந்துவிடும். பின்னர் வந்த வடிவத்தில், சாவியை எதிர்ப்பக்கம் ஒருமுறை திருப்பினால் பூட்டு பழைய நிலைக்கு வந்துவிடும். தடுப்பதோடு நிற்காமல், நடந்ததை உரியவரிடம் சொல்லும் பூட்டு அது. நீங்கள் எட்டு ஆண்டுகள் பொருத்திய கேமராவும் அதே வேலையைத்தானே செய்கிறது? உங்கள் தாத்தாவின் பட்டறைக்கும் உங்கள் கோயம்புத்தூர் வேலைக்கும் இடையே நீங்கள் நினைக்கும் அளவுக்குத் தூரம் இல்லை.

1851இல் லண்டனில் நடந்த உலகக் கண்காட்சிக்கு அமெரிக்காவிலிருந்து வந்த ஆல்ஃபிரட் சார்லஸ் ஹாப்ஸ் என்ற பூட்டு வல்லுநர், சாட்சிகளின் முன்னால் ஒரு சப் பூட்டை அரைமணி நேரத்துக்குள் திறந்துவிட்டார். அடுத்து, பிராமா என்ற மற்றொரு குடும்பத்தின் கடைச் சன்னலில் பல பத்தாண்டுகளாகச் சவாலாக வைக்கப்பட்டிருந்த பூட்டை எடுத்துக்கொண்டார். இதைத் திறக்கும் கருவி செய்பவருக்கு 200 கினி (அக்கால ஆங்கிலேயப் பணம்) என்று அதன் மேல் எழுதியிருந்தது. பதினாறு நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் உழைத்து அதையும் திறந்தார். திறந்த முறை நியாயம்தானா என்று சர்ச்சை எழுந்தது. நடுவர்கள் ஹாப்ஸ் பக்கமே தீர்ப்புச் சொன்னார்கள்; பிராமா கடை பணத்தைக் கொடுத்தது. அதற்குப் பிறகு இரண்டு கடைகளும் மூடிப்போயிருக்க வேண்டும் என்றுதான் நமக்குத் தோன்றும். இரண்டுமே தொடர்ந்து நடந்தன. ஐம்பத்தொரு மணி நேரம் ஒரு திருடனுக்கு யார் கொடுப்பார்கள் என்ற கணக்கு மக்களுக்குப் புரிந்திருந்தது என்பது ஒரு காரணம். எழுதிவைத்த வாக்குப்படி பணத்தைக் கொடுத்தார்கள் என்பதும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

நம் நாட்டில் அர்தேஷிர் கோத்ரெஜ் 1897இல் பம்பாய் லால்பாகில் ஒரு கொட்டகையில் பூட்டுச் செய்யத் தொடங்கியதை அறிந்திருப்பீர்கள். வழக்கறிஞராகப் போய் அதை விட்டவர் அவர். அதற்குப் பின் மருத்துவ அறுவைக் கருவிகள் செய்யப்போய் அதிலும் தோற்றவர். பூட்டிலிருந்து இரும்புப்பெட்டிக்குப் போனார். தம்பி பிரோஜ்ஷா சேர்ந்த பிறகு தொழில் விரிந்தது. விடுதலைக்குப் பின் 1951-52இல் நடந்த முதல் பொதுத் தேர்தலுக்கு வாக்குப்பெட்டிகள் செய்து கொடுத்தவர்களில் அந்த நிறுவனமும் ஒன்று. பூட்டுச் செய்கிறவனிடம் ஒரு நாடு தன் வாக்குகளை ஒப்படைத்தது என்பதை நான் வியப்போடு நினைத்துக்கொள்வதுண்டு. 2024இல் அந்தக் குடும்பம் நிறுவனங்களைத் தங்களுக்குள் பேசிப் பிரித்துக்கொண்டது. பங்கு பிரிப்பதைப் பற்றிக் கீழே உங்களிடம் சொல்ல வேண்டியிருப்பதால் இதையும் குறிப்பிட்டேன்.

திண்டுக்கல்லின் கதை இத்தனை வெற்றியாக முடியவில்லை, அதையும் மறைக்காமல் பேசவேண்டும். சங்கரலிங்காச்சாரி சகோதரர்கள் தொடங்கிவைத்ததாக அந்த ஊரில் சொல்லப்படும் அந்தத் தொழிலில், ஒரு பூட்டின் தகடு வெட்டுவது முதல் சாவிக்குப் பல் எடுப்பது வரை கைவேலை. மாங்காய்ப் பூட்டும் கோவில் கதவுக்கான பெரும் பூட்டும் அங்கிருந்து வெளியூர்களுக்கெல்லாம் போயின. வடக்கே உத்தரப்பிரதேசத்தில் இயந்திரத்தில் அடித்துக் குவிக்கும் அலிகர் பூட்டு மலிவாக வந்ததும் பட்டறைகள் ஒவ்வொன்றாக அடைத்தன. 2019 ஆகஸ்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கண்டாங்கிச் சேலைக்கும் அதே நேரத்தில்தான் கிடைத்தது. அது உங்கள் ஊர்ச் சேலை. குறியீடு பெயரைக் காக்கும், அதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அரம் பிடிக்கும் கைக்குக் கட்டுப்படியாகும் கூலியை அது கொண்டுவந்து தராது. உங்கள் தாத்தா கூலிக்கு வேலை பார்த்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். பூட்டைச் செய்தவருக்குக் கூலி மட்டுமே கிடைத்தது, பூட்டை விற்றவருக்குப் பெயர் கிடைத்தது. உங்கள் அப்பா அந்தக் கைத்திறனை எடுத்துக்கொண்டு வெளியூர் வந்து, வாடிக்கையாளருக்கு நேராக உட்கார்ந்தார். உங்கள் குடும்பத்தில் நடந்த மிகப் பெரிய வியாபார முடிவு அதுதான். நீங்கள் எடுக்கப்போகும் முடிவு அதற்கு அடுத்ததுதான்.

இனி கேமரா. சேருங்கள் என்றே சொல்வேன். வருடத்தில் பதினோரு மாதம் பூட்டிக் கிடக்கும் வீடுகள் நிறைந்த வட்டாரத்தில், சிங்கப்பூரில் இருக்கும் பங்காளி தன் வீட்டு முகப்பைக் கைப்பேசியில் பார்க்க விரும்புவது நியாயமான தேவை. வெளியூர் நிறுவனம் வந்து பொருத்திவிட்டுப் போனால், மழையில் இணைப்புக் கெட்டபோது யாரை அழைப்பது என்று தெரியாமல் தவிப்பார்கள். 2025 ஏப்ரல் முதல் சந்தையில் விற்கும் கேமராக்களுக்கு அரசின் பாதுகாப்புச் சோதனைச் சான்று வேண்டும் என்ற விதி வந்திருப்பதால், எதை வாங்கி விற்பது என்பதையும் நீங்கள் பார்த்துச் செய்ய முடியும்.

ஆனால் உங்கள் அப்பா ஏன் தள்ளிப்போடுகிறார் என்று நினைக்கிறீர்கள்? எங்கள் குடியிருப்பில் ஒரு நிறுவனம் கேமரா பொருத்தியது. ஓராண்டு கழித்து ஒரு சிறு பழுதுக்காக அவர்களை அழைத்தபோது, அந்த இளைஞர் தம் கைப்பேசியைத் திறந்து, எங்கள் வாசலையும் படிக்கட்டையும் அங்கிருந்தே பார்த்துப் பழுதைச் சொன்னார். நாங்கள் திகைத்துப்போனோம். ஓராண்டாக எங்கள் போக்குவரத்து முழுவதும் முகம் தெரியாத ஒருவரின் சட்டைப்பையில் இருந்திருக்கிறது. அவர் கெட்டவர் அல்லர். வேலைக்கு வசதி என்று கடவுச்சொல்லைத் தம்மிடமே வைத்திருந்தார். சாவி போட்டவர் ஒன்றைத் தமக்கென்று எடுத்து வைத்துக்கொண்டால் அதற்கு என்ன பெயரோ, அதுதான் இதற்கும் பெயர்.

நீங்கள் இந்தத் துறையில் இருந்தவர், இது எவ்வளவு சாதாரணமாக நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் விடுவது, எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே சொல்லை வைப்பது, வேலையை விட்டுப்போன பையனின் கைப்பேசியில் பத்து வீடுகளின் காட்சி அப்படியே இருப்பது. இவற்றைச் செய்யாத ஒரே கடை உங்கள் வட்டாரத்தில் உங்களுடையதாக இருந்தால், அது விலைக்கு அப்பாற்பட்ட பெயர். பொருத்தி முடித்ததும் கருவியை வீட்டுக்காரர் கையில் கொடுத்து, அவரே புதிய சொல்லை இடும்வரை நீங்கள் முதுகைத் திருப்பிக்கொண்டு நில்லுங்கள். பழுதுக்குப் போகும்போது அவரே இட்டுத் தரட்டும். அப்பாவிடம் இதைச் செய்துகாட்டுங்கள். அவருடைய தயக்கத்தில் பாதி அன்றே போய்விடும் என்பது என் நம்பிக்கை.

மின்னணுப் பூட்டு பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதை விற்கும் பலர் மேலே விரல்ரேகை வைக்கும் தட்டைப் பற்றி மட்டுமே பேசுகிறார்கள். மின்கலம் தீர்ந்துபோனால் திறப்பதற்கென்று பெரும்பாலும் அடியில் மறைவாக ஒரு சாவித்துளை இருக்கும். அந்தத் துளையின் உள்ளே இருக்கும் பூட்டு எத்தகையது என்று யாரும் கேட்பதில்லை. மேலே எத்தனை நுட்பம் இருந்தாலும் திருடனுக்கு அந்தத் துளை போதும். உங்கள் அப்பா ஒருமுறை அதைத் துழாவிப் பார்த்துச் சரி என்று சொன்ன பூட்டை மட்டும் கடையில் வையுங்கள்.

காவலாளி அனுப்பும் பணியை இப்போது தொடங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. 2005ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி அதற்கு மாநில அரசின் உரிமம் வேண்டும். காவலாளிகளுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். மத்திய அரசின் மாதிரி விதிகள் 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப்பயிற்சியும் என்று சொல்கின்றன. ஒவ்வொருவரின் பின்னணியையும் சரிபார்க்க வேண்டும், வருங்கால வைப்புநிதியும் காப்பீடும் கட்ட வேண்டும். இவற்றையெல்லாம் முயன்றால் செய்துவிடலாம். என் தயக்கம் வேறு இடத்தில். பூட்டும் கேமராவும் உங்கள் கைவேலை. அதற்கு நீங்கள் பொறுப்பேற்க முடியும். முப்பது பேரை முப்பது வாசல்களில் நிறுத்திவிட்டு, இரவு இரண்டு மணிக்கு அவர்கள் ஒவ்வொருவரும் என்ன செய்கிறார்கள் என்பதற்குப் பன்னிரண்டடிக் கடை பொறுப்பேற்க முடியாது. ஒருவர் தவறினாலும் நாற்பதாண்டுப் பெயர் ஒரே நாளில் போகும்.

நோட்டுகளை எரிக்கவும் வேண்டாம், இருக்கிறபடியே கணினியில் ஏற்றவும் வேண்டாம். அப்பாவின் அச்சம் நியாயமானது. யார் வீடு, எந்தப் பூட்டு, சாவியின் அளவு என்ன என்ற மூன்றும் ஒரே பக்கத்தில் இருந்தால், அந்தப் பக்கத்தைப் படம் பிடித்தவன் கையில் அந்த வீடு இருக்கிறது. அதே நேரம் உங்கள் தேவையும் உண்மையானது. சிங்கப்பூரிலிருந்து ஒருவர் சாவி தொலைந்தது என்று பேசும்போது, அந்தப் பூட்டின் விவரம் தெரியாவிட்டால் கதவை உடைக்க வேண்டியிருக்கும். தொழில் அறிந்தவர்கள் இதற்குச் செய்வது எளிது. ஒரு நோட்டில் பெயரும் முகவரியும் ஒரு வரிசை எண்ணும் மட்டும் இருக்கும். மற்றொன்றில் வரிசை எண்ணும் பூட்டின் விவரமும் மட்டும் இருக்கும். இரண்டும் ஒரே இடத்தில், ஒரே பெட்டியில், ஒரே கணினியில் ஒருபோதும் இருக்கக்கூடாது. பதினொரு நோட்டுகளையும் அப்பா பக்கத்தில் இருக்க நீங்களே உட்கார்ந்து இப்படிப் பிரித்து எழுதுங்கள். எழுதி முடித்த பழைய நோட்டுகளை அவர் கையாலேயே எரிக்கட்டும். அதற்கு ஆறு மாதம் பிடிக்கும். ஒவ்வொரு பக்கத்துக்கும் அவர் ஒரு கதை சொல்வார். எந்த வீட்டில் என்ன தகராறு, யாருக்கு எதை மறுத்தோம், சோப்பில் அச்சு எடுத்துக்கொண்டு வந்த பையனை எப்படித் திருப்பி அனுப்பினோம் என்பதெல்லாம் நோட்டில் எழுதப்படாதவை. அவற்றைக் கேட்பதற்கு இதைவிட நல்ல வாய்ப்பு உங்களுக்குக் கிடைக்காது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். குடும்பத் தொழில்களில் லாபமாகத் தெரிவதில் ஒரு பகுதி, வீட்டுப் பெண்களின் எழுதப்படாத சம்பளம். உங்கள் அம்மா எத்தனை ஆண்டுகள் கல்லாவில் உட்கார்ந்தாரோ அத்தனை ஆண்டுகளும் அந்தக் கூலி கடையின் மூலதனமாகப் போயிருக்கிறது. அதைத் திருப்பிக் கொடுக்க இனி வழியில்லை. தங்கைக்கு வழி இருக்கிறது. கணக்கு எழுதுகிறாள் என்று ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்கள். அவளுக்கு மாதச் சம்பளம் என்ன என்று எழுதவில்லை. நாளை அவள் திருமணமாகி வேறு ஊருக்குப் போனாலும் போகாவிட்டாலும், அவள் பெயரில் ஒரு பங்கு இருக்க வேண்டும். அந்த அண்ணனுக்கும் அப்படித்தான். இருபத்திரண்டு ஆண்டுகளாக ஊரின் பாதிப் பூட்டுகள் அவர் கையில் திறந்து மூடியிருக்கின்றன. உங்கள் அப்பாவுக்குத் தெரிந்தது அனைத்தும் அவருக்கும் தெரியும். இத்தனை நாளும் அவர் மேல் ஒரு சொல் விழவில்லை. நீங்கள் எட்டு ஆண்டுகள் வெளியூரில் இருந்தபோது கடையைத் தாங்கியவரும் அவர்தான். அவரை வேலையாள் என்ற இடத்திலேயே வைத்துக்கொண்டு நீங்கள் முதலாளியாக உட்கார்ந்தால், அவர் மனத்தில் ஏற்படும் சிறு கசப்புகூட இந்தத் தொழிலில் ஆபத்து என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. ஆனால் ஆபத்துக்காக அன்றி, அது அவருக்குச் சேரவேண்டியது என்பதற்காகவே செய்யுங்கள். ஒரு தணிக்கையாளரிடம் போய், அப்பா, தங்கை, அண்ணன், நீங்கள் ஆகிய நால்வர் பெயரிலும் கூட்டாண்மைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யுங்கள். அப்பா நல்ல நினைவோடு, தம் வாயால் பங்குகளைச் சொல்லும் நிலையில் இருக்கும்போதே இது நடக்க வேண்டும்.

அறுவைக்குப் பின் அப்பாவின் பார்வை எப்படி இருக்கிறது என்று எழுதவில்லையே. தை மாதம் ஒரு திருமணத்துக்காகக் காரைக்குடி வருகிறேன். மேலே சொன்ன எங்கள் அலமாரிப் பூட்டு இப்போது மறுபடியும் இறுகிப்போயிருக்கிறது. சாவி பாதி திரும்பி நின்றுவிடுகிறது. இரண்டாவது லீவர் தேய்ந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். அதைத் திருகாணி நீக்கிக் கழற்றி எடுத்து வருகிறேன். அப்பா அதைப் பிரித்துப் பார்க்கட்டும். அன்று நீங்களும் அந்த அண்ணனும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அன்புடன்